எடை எவ்வளவு? ஓர் ஓவியப் பட்டதாரியின் ஆறு ஆண்டுகள்

2023 நவம்பர். சென்னை சவுகார்பேட்டையில் ஒரு சந்து, இருட்டான மாடிப்படி, மேலே நகைப் பட்டறை. தட்டும் சத்தம் நிற்காத அந்த அறையில், சாம்பல் நிறக் காகிதத்தில் தீட்டிய லட்சுமி பதக்கம் ஒன்றை என் பழைய மாணவி ஒருவர் நீட்டினார். நான்கு நாள் உட்கார்ந்து வரைந்தது. தாமரை இதழின் நரம்பு வரைக்கும் தெரிந்தது. பெரிய ஆசாரி நெற்றியில் இருந்த கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"முகம் நல்லா வந்திருக்கும்மா. எடை எவ்வளவு?"

"எடையா சார்?"

"எத்தனை கிராம்ல முடியும்னு கேக்குறேன். பார்ட்டி எட்டு சவரன்ல மொத்த ஆரத்தையும் கேக்குறாங்க. இது பதக்கம் மட்டுமே எட்டு சவரன் இழுக்கும்போல இருக்கே."

அவரிடம் பதில் இல்லை. நான்கு வருடப் பட்டப்படிப்பில் யாரும் அவரிடம் கேட்காத கேள்வி அது. அன்று இரவு எனக்கு போன் செய்து, "சார், தங்கத்தோட எடையை எப்படிக் கணக்குப் போடறது?" என்று கேட்டார். எனக்கும் தெரியவில்லை.

நான் பழைய வண்ணாரப்பேட்டையில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஓவிய வகுப்பு நடத்துகிறேன். ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது அங்கே வந்து சேர்ந்தவர் இவர். 2019-ல் பி.எஃப்.ஏ. என்ற நுண்கலைப் பட்டப்படிப்பை முடித்தார். அன்றிலிருந்து வரவு செலவை ஒரு நோட்டில் எழுதிவருகிறார். என்ன வேலை, என்ன சம்பளம், ஏன் விட்டார் என்று எல்லாம் அதில் இருக்கிறது. 2019 ஜூன் முதல் 2025 மே வரையிலான பக்கங்களைப் படிக்கக் கொடுத்தார். பெயர் மட்டும் வேண்டாம் என்றார். ஓவியம் படிக்க ஆசைப்படும் பிள்ளைகளின் பெற்றோர் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "படிச்சா வேலை கிடைக்குமா சார்?" இத்தனை வருடமும் "கிடைக்கும்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அந்தப் பதில் போதாது என்று நோட்டைப் படித்த பிறகுதான் உறைத்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

வீடு

அப்பா போர்டு எழுதுபவர். தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டைப் பக்கத்துக் கடைகளின் பெயர்ப்பலகைகள், லாரிகளின் பின்பலகை, காசிமேட்டில் படகுகளுக்குப் பெயரும் பதிவெண்ணும். சுண்ணாம்புப் பொடி தடவிய நூலை இரண்டு பக்கமும் இழுத்துப் பிடித்துச் சுண்டுவார். சுவரில் நேர்கோடு விழும். அந்தக் கோட்டின் மேல் பட்டை பிரஷ்ஷை வைத்தால் 'ழ'வின் கீழ்ச்சுழி ஒரே இழுப்பில் வந்து நிற்கும். ஃபிளெக்ஸ் வந்த பிறகு அந்த வேலை ஒவ்வொரு கடையாகக் கைவிட்டுப் போனது. அம்மா எம்.சி. ரோடு பக்கம் புடவைகளுக்கு ஃபால்ஸ் அடிக்கிறார். ஒரு தம்பி. ஆறு மாதம் சம்பளம் இல்லாமல் வீட்டில் இருந்து 'போர்ட்ஃபோலியோ தயார் செய்வது' என்பது அந்த வீட்டில் நடக்காத காரியம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் வரும் எல்லா முடிவுகளுக்கும் இதுதான் அடிப்படை.

எந்தக் கல்லூரியில் படித்தார் என்பது இங்கே தேவையில்லை. செய்முறைத் தேர்வு எழுதி ஓவியப் பிரிவில் சேர்ந்தார். நான்கு வருடமும் நன்றாகப் படித்தார். உருவ வரைதலில் அவர் கை அந்த வகுப்பிலேயே உறுதியான கை.

முதல் நான்கு வேலைகள்

ஃபிளெக்ஸ் கடை, 2019 ஜூன். மாதம் 9,000 ரூபாய். அப்பாவின் தொழிலை விழுங்கிய இடத்திலேயே மகளுக்கு முதல் வேலை. வீட்டில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, சம்பளம் வந்தால் போதும் என்ற நிலை. கோரல்டிராவும் ஃபோட்டோஷாப்பும் அங்கேதான் கைக்கு வந்தன. திரையில் பளீரென்று தெரியும் பச்சை அச்சில் ஏன் மங்குகிறது, பத்தடியில் இருந்து படிக்க எழுத்து எவ்வளவு பெரிதாக வேண்டும், பழைய தமிழ் எழுத்துருவை யூனிகோடுக்கு மாற்றினால் எங்கே உடையும் என்றெல்லாம் தெரிந்துகொண்டார். எல்லாவற்றையும்விட முக்கியம், வேலையைச் சதுர அடியில் விலை பேசுவது. அதே செப்டம்பரில் பள்ளிக்கரணையில் பேனர் விழுந்து ஓர் இளம்பெண் இறந்தார். நீதிமன்றம் கண்டித்தது, கட்சிகள் பேனர் வைக்க மாட்டோம் என்றன, கடைக்கு ஆர்டர் பாதியாகக் குறைந்தது. சம்பளம் 6,500 ஆனது. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்ததும் கடையும் மூடியது.

அடுத்த ஒன்பது மாதம் நிலையான வருமானம் இல்லை. சாலைச் சந்திப்புகளில் கொரோனா விழிப்புணர்வுப் படம் வரையும் வேலைக்கு சீனியர்களோடு சில நாள் போனார். சாப்பாடும் கொஞ்சம் பணமும் கிடைத்தது.

சினிமா செட், 2021 ஜனவரி. கலை இயக்குநரின் உதவியாளருக்கு உதவியாளர். ஓவியக் கல்லூரிப் பிள்ளைகளுக்கு சினிமா பெரிய கனவு, காரணமும் உண்டு. தோட்டா தரணி, பி. கிருஷ்ணமூர்த்தி, சாபு சிரில் எல்லோரும் சென்னையில் ஓவியம் படித்துவிட்டுப் போனவர்கள். வடசென்னைக்காரர்களுக்கு அது பக்கத்து வீட்டுச் சங்கதியாகவும் இருந்தது. 1996-ல் மூடிய பின்னி மில்லின் இடத்தில் எத்தனையோ படங்களுக்கு செட் போட்டார்கள். பெரம்பூரில் வயதான மோல்டிங் வேலைக்காரர்களைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள். இவருக்குக் கிடைத்த வேலை பூந்தமல்லிப் பக்கம். தெர்மாகோலைக் கல் தூணாக்குவது, புது மரத்தை ஐம்பது வருடம் பழசாக்குவது. வேலை அவருக்கு உயிர். ஆனால் 31 நாள் வேலைக்கு 19 நாள் பேட்டாதான் கைக்கு வந்தது. இரவு இரண்டு மணிக்கு வேலை முடிந்தால் வீட்டுக்குப் போக வழி இல்லை, பெண்களுக்குத் தனிக் கழிப்பறை இல்லை. சங்க கார்டு இல்லாதவருக்குப் பாக்கியைக் கேட்க ஆளும் இல்லை. இரண்டாம் அலையில் படப்பிடிப்பு நின்றது, அவர் திரும்பிப் போகவில்லை.

பள்ளி, 2021 நவம்பர். தனியார் பள்ளியில் ஓவிய ஆசிரியை, 11,000 ரூபாய். முதல் கேள்வியே "டி.டி.சி. இருக்கா?" ஓவியத்தில் லோயர், ஹையர் தேர்வுகளும் ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழும் இருப்பவரைத்தான் பள்ளிகள் தேடுகின்றன. பட்டம் பெரியதா சான்றிதழ் பெரியதா என்ற வாதம் அங்கே எடுபடாது. அரசுப் பள்ளியில் சேரலாமே என்று பலர் சொன்னார்கள். 2012-ல் ஓவியம், உடற்கல்வி, கைத்தொழில் பாடங்களுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்களைத் தமிழக அரசு மாதம் 5,000 ரூபாய்க்கு நியமித்தது. 2024-ல் அந்தத் தொகை 12,500 ஆனது. அதற்குப் பிறகும் பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் போராடினார்கள். அந்த வரிசையின் கடைசியில் போய் நிற்க இவருக்குத் தைரியம் வரவில்லை. நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன். கல்வியாண்டு முடிந்ததும் வேலையும் முடிந்தது.

வி.எஃப்.எக்ஸ். ஸ்டூடியோ, 2022 ஜூன். வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ ஏறி, சென்ட்ரலில் மாறி, வடபழனி. நேர்முகத்துக்குப் போன அன்று நடந்ததை அடிக்கடி சொல்வார். ஃபிரேம் போட்ட நான்கு கான்வாஸ்களை ஆட்டோ பிடித்துக் கொண்டுபோயிருந்தார். சூப்பர்வைசர் அவற்றை ஒரு பார்வை பார்த்து ஓரமாக வைத்தார். பையில் கிடந்த ஸ்கெட்ச் புத்தகத்தை அவராகவே எடுத்தார். காசிமேட்டில் ஐஸ் பெட்டி தூக்குபவர்களை விடியற்காலையில் நின்று வரைந்த பக்கங்கள். ஒரே ஆள் குனிகிறார், தூக்குகிறார், தோளில் ஏற்றுகிறார், தடுமாறுகிறார். ஒரு பக்கத்தில் ஏழெட்டுக் கோட்டுருவங்கள், இரண்டு அடித்துவிட்டவை. "அடிச்சதைக் கிழிச்சுப் போடாம வெச்சிருக்கீங்க பாருங்க, இது போதும்" என்றார். வேலை ரோட்டோ. ஒரு நொடிக்கு 24 ஃபிரேம், ஒவ்வொன்றிலும் நடிகரின் உருவத்தைக் கோடு போட்டுப் பின்னணியிலிருந்து பிரித்தெடுக்க வேண்டும். உடம்பு எந்த மூட்டில் மடங்குகிறது என்று அறிந்தவர் தோள், முழங்கை, மணிக்கட்டு என்று தனித்தனி வடிவமாகப் பிரித்துக்கொள்வார், வேலை பாதி நேரத்தில் முடியும். அந்த உருவ வரைதல் வகுப்புகளுக்கு முதல் தடவையாக நேரடியாகச் சம்பளம் கிடைத்தது. பயிற்சியில் 8,000, பிறகு 15,000. பதினைந்து மாதம். 2023 மே மாதம் ஹாலிவுட் எழுத்தாளர்களும் ஜூலையில் நடிகர்களும் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அங்கே கேமரா நின்றால் இங்கே ஷாட் வராது. ஆகஸ்ட் கடைசியில் 'வேலை வந்தால் கூப்பிடுகிறோம்' என்று அனுப்பினார்கள். லாஸ் ஏஞ்சலஸில் நடந்த வேலைநிறுத்தம் தண்டையார்பேட்டை வீட்டு வாடகையில் வந்து விழுந்தது.

பட்டறை

சவுகார்பேட்டை அவருடைய திட்டத்திலேயே இல்லை. எம்.சி. ரோட்டில் அம்மாவுக்குத் தெரிந்த ஒருவர், நகைக்குப் படம் போட ஆள் தேடுகிறார்கள் என்று சொன்னார். வீட்டிலிருந்து அரைமணி நேரத்தில் போய்விடலாம். ஓவியக் கல்லூரியில் படித்த எங்களில் பெரும்பாலோர் என்.எஸ்.சி. போஸ் ரோட்டைக் கடந்து போயிருப்போம். அங்கே மாடிகளில் நம் கைக்கு வேலை இருக்கிறது என்று யோசித்தது கிடையாது. எனக்கும் அது வருத்தம்தான்.

சரி, அந்த எடைக் கேள்விக்கு வருவோம். ஆசாரி மறுநாள் அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு ஒரு தகட்டை எடுத்துக் காட்டினார். நாலுக்கு ஐந்து சென்டிமீட்டர் பதக்கம். தகட்டின் கனம் அரை மில்லிமீட்டர் கூடினால் ஒரு கன சென்டிமீட்டர் தங்கம் கூடுகிறது. 22 காரட்டில் அது சுமார் 18 கிராம், அதாவது இரண்டே கால் சவரன். கண்ணுக்கே தெரியாத அரை மில்லிமீட்டர்! சவரன் 70,000 ரூபாயைத் தாண்டிய 2025 ஏப்ரலில் அந்த அரை மில்லிமீட்டரின் விலை ஒன்றரை லட்சம். மெழுகில் வார்த்துப் பார்க்கும்போதும் இதே கணக்குதான். மெழுகின் எடையைச் சுமார் 18-ஆல் பெருக்கினால் தங்கத்தின் எடை வந்துவிடும்.

அதற்கப்புறம் அவர் வரையும் விதமே மாறியது. நகாசு வேலையில் தகட்டை அரக்கின் மேல் பதித்து, உளியால் தட்டித் தட்டி உருவத்தை எழுப்புகிறார்கள். உள்ளே வெற்றிடம். அதனால் லட்சுமியின் முகத்தைப் புடைப்பாகக் காட்டலாம், எடை ஏறாது. பீடத்தைத் திண்டாக வரைந்தால் ஏறும். கிரீடத்துக்குப் பின்னால் இருக்கும் திருவாசியில் இடைவெளி விட்டால் பார்வைக்குப் பெரிதாகவும் இருக்கும், தங்கமும் மிஞ்சும். கெம்புக் கல் எங்கே உட்காரும், அதைப் பிடிக்க எவ்வளவு விளிம்பு வேண்டும் என்று முதலிலேயே வரைந்துவிட வேண்டும். இதையெல்லாம் அவர் எழுதிக்கொண்ட பக்கங்களைப் பார்த்தேன். ஓரத்தில் ஒவ்வொரு படத்துக்கும் இரண்டு எண்கள்: அவர் மதிப்பிட்ட எடை, செய்து முடித்தபின் தராசு காட்டிய எடை. ஆரம்பத்தில் 31-க்கு 46. ஆறு மாதம் கழித்து 24-க்கு 25.8. அந்த இடைவெளி குறைந்துகொண்டே வருவதை விரலால் தொட்டுப் பார்க்கலாம் போலிருந்தது.

பிறகு கணினியில் ரைனோ என்ற முப்பரிமாண மென்பொருளைக் கற்றார். கையால் வரைந்ததை முப்பரிமாணமாக்கி, பிரிண்டரில் மெழுகு மாதிரி எடுத்து வார்ப்புக்கு அனுப்புவது. மென்பொருளை மட்டும் கற்று வந்த பையன்கள் அங்கே இருக்கிறார்கள், வேகமாகச் செய்கிறார்கள். தெய்வ முகம் வேண்டுமென்றால் மட்டும் இவரிடம் வருகிறார்கள். 14,000-ல் சேர்ந்தவருக்கு இப்போது 28,000. தங்கம் விலை ஏற ஏற, 'குறைந்த எடையில் பெரிதாகத் தெரியணும்' என்று கேட்பவர்கள் கூடுகிறார்கள், அதனால் அவர் மேசையில் வேலையும் கூடுகிறது.

நோட்டின் கணக்கு

72 மாதங்கள். அதில் 54 மாதம் ஏதோ ஒரு வேலை இருந்தது. 18 மாதம் நிலையான வருமானம் இல்லை. ஆறு வருடத்தில் நாலில் ஒரு பங்கு. அந்த 18 மாதத்தில் அம்மாவின் கம்மல் ஒருமுறை அடகுக்குப் போய்த் திரும்பியது, தம்பியின் கல்லூரிக் கட்டணம் தள்ளிப்போனது. அவரோடு படித்தவர்களில் ஒருவர் விளம்பர நிறுவனத்தில் விஷுவலைசர், ஒருவர் செல்போன் செயலிகளுக்குத் திரை வடிவமைக்கிறார், இருவர் படம் வரைவதையே விட்டுவிட்டார்கள். அந்த இருவரும் வகுப்பில் நன்றாக வரைந்தவர்கள் என்று இவர் சொல்கிறார். நான் நம்புகிறேன். கை தவறிப்போனதால் அவர்கள் நிற்கவில்லை, 18 மாதம் தாங்க வீட்டில் வழியில்லாமல் நின்றார்கள்.

எங்கே விட்டோம்

அவர் போன ஒவ்வொரு இடத்திலும் ஓர் அளவு இருந்தது. ஃபிளெக்ஸ் கடையில் சதுர அடி. செட்டில் நாள் பேட்டா. பள்ளியில் சான்றிதழ். ரோட்டோவில் ஃபிரேம். பட்டறையில் கிராம். அந்த அளவு தெரிந்த அன்றிலிருந்துதான் அவருடைய ஓவியம் அங்கே செல்லுபடியானது. தெரிந்துகொள்ள ஒவ்வொரு இடத்திலும் அவருக்கு மூன்று முதல் ஆறு மாதம் பிடித்தது, அதுவும் குறைந்த சம்பளத்தில். கடைசி வருடத்தில் ஒரு பருவம் ஒதுக்கி, ஐந்து தொழிலின் ஆட்களை ஐந்து நாள் கூட்டிவந்து பேச வைத்திருந்தால் அதில் பாதியாவது மிச்சமாகியிருக்கும். இதைச் செய்யாமல் விட்டதில் எனக்கும் பங்கு இருக்கிறது. நிழலும் வெளிச்சமும் சொல்லிக்கொடுத்தேன், கொட்டேஷன் எழுதச் சொல்லிக்கொடுக்கவில்லை.

கலையைத் தொழிலோடு சேர்ப்பது அதைக் கீழிறக்குவது என்று நினைக்கும் பழக்கம் எங்கள் தலைமுறை ஓவியர்களிடம் உண்டு. வரலாறு அப்படி இல்லை. 1850-ல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் சென்னையில் தொடங்கிய ஓவியப் பள்ளி, கைத்தொழிலையும் சேர்த்தே கற்பித்த இடம். ஆல்பிரட் சாட்டர்டன் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 1898-ல் அலுமினியப் பாத்திரம் செய்யத் தொடங்கியது அந்தப் பள்ளிப் பட்டறையில்தான். நம் சமையலறையில் இருக்கும் அலுமினியக் குண்டானுக்கு ஓர் ஓவியப் பள்ளி பிறந்த வீடு. 1966-ல் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் சோழமண்டலம் என்ற ஓவியர் கிராமத்தை அமைத்தவர்கள் பாட்டிக் துணிகளும் கைவினைப் பொருட்களும் விற்று வந்த பணத்தில் ஓவியம் தீட்டினார்கள். ஓவியர் ஆதிமூலம் நெசவாளர் சேவை மையத்தில் வேலை பார்த்தார். அவர் கோட்டின் மதிப்பு அதனால் ஒரு துளியும் குறையவில்லை.

பணம் பற்றி இன்னும் ஒன்று. மத்தியப் பண்பாட்டு அமைச்சகம் 18 முதல் 25 வயது வரையிலான இளம் கலைஞர்களுக்கு மாதம் 5,000 ரூபாய் என்று இரண்டு வருடம் உதவித்தொகை தருகிறது. ஓவியமும் சிற்பமும் அதில் உண்டு. இவருக்கு அது தெரியவந்தபோது வயது தாண்டிவிட்டது. அந்த 5,000 இருந்திருந்தால் ஊரடங்குக் காலத்தில் கம்மல் அடகுக்குப் போயிருக்காது. அதேபோல, ஐ.ஐ.டி.களில் எம்.டெஸ். என்ற வடிவமைப்பு முதுகலை படிக்க 'சீட்' (CEED) என்று ஒரு நுழைவுத்தேர்வு உண்டு, பி.எஃப்.ஏ. முடித்தவர்கள் தாராளமாக எழுதலாம், வயது வரம்பு கிடையாது. என் வகுப்பிலிருந்து இதுவரை ஒருவர்கூட எழுதியதில்லை. தெரியாததுதான் காரணம். பிள்ளை கடைசி வருடத்தில் இருந்தால் இந்த இரண்டையும் இன்றே தேடிப் பாருங்கள்.

இப்போது

பட்டறையில் குறை இல்லாமல் இல்லை. அவர் வரைந்த வடிவத்தின் உரிமை பட்டறைக்கு, எங்கும் அவர் பெயர் வராது. இதைப்பற்றி முதலாளியிடம் பேச வேண்டும் என்று இரண்டு தீபாவளியாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். வெளியே புத்தக அட்டைகளுக்குத் தலைப்பு எழுதித் தருகிறார், வருடத்துக்கு நாலைந்து. எழுத்து அப்பாவுடையது. அவர் தாளில் பட்டை பிரஷ்ஷால் எழுதுவார், மகள் ஸ்கேன் செய்து சீர்செய்வார். பணம் பாதிப்பாதி. அப்பாவின் பெயர் அட்டை வடிவமைப்பு என்ற வரியில் அச்சில் வந்த முதல் புத்தகம் வீட்டில் டி.வி.க்கு மேல் இருக்கிறது.

ஞாயிறு காலை அவர் என் வகுப்புக்கு வருகிறார். சின்னத் தராசு ஒன்று கொண்டுவந்தார், பிள்ளைகள் களிமண்ணில் பதக்கம் செய்து எடை போட்டுப் பார்க்கிறார்கள். போன வாரம் ஃபிளெக்ஸ் கடை ஆபரேட்டர் ஒருவர் வந்து சதுர அடிக் கணக்கு சொல்லிக்கொடுத்தார். அவருடைய பேச்சுக்குப் பிறகு பதினொன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் தன் தெருப் பள்ளிச் சுவரை டேப் வைத்து அளந்து, பெயிண்ட், பிரைமர், சாரம், ஆள் கூலி என்று பிரித்து எழுதி எடுத்துவந்தான். சாரத்துக்கு அவன் போட்டிருந்த தொகை மட்டும் குறைவு, திருத்திக் கொடுத்தோம். அடுத்த வாரம் ரோட்டோ செய்யும் ஒருவர் வருகிறார். லேப்டாப் அவரே கொண்டுவருவார். வகுப்பில் இருப்பது ஒரே பிளக், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வாங்க வேண்டும்.